வேன் வந்துவிட்டது, பாப்பாவை யார் பார்ப்பது?



நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணை கட்டவில்லை என்றால் காரணம் கேட்கிறோம். "வேலைக்குப் போகலைங்க" என்பார். ஏன் போகவில்லை என்று இன்னொரு கேள்வி கேட்டால்தான் உண்மை வெளியே வரும். "கைக்குழந்தைய யாருகிட்டங்க விட்டுட்டுப் போறது?" இதை அவர் சொந்தப் பிரச்சினை என்று விட்டுவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுகிறோம். இந்த மாதம் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அவினாசி, ஊத்துக்குளி, குன்னத்தூர், பெருமாநல்லூர், பல்லடம் பக்கத்துக் கிராமங்களில் காலையில் கம்பெனி வேன் வந்து நிற்கும் நேரம் நமக்குத் தெரியும். அதற்குள் தண்ணீர் பிடித்து, சோறாக்கி, டப்பா கட்டி, பெரியதைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி, சின்னதுக்குப் பால் கொடுத்து ஓட வேண்டும். எட்டரைக்கு மெஷின் ஓடும். ஒரு ஷிப்டு என்றால் சாயங்காலம் திரும்பலாம். ஆர்டர் அவசரம் என்று ஒன்றரை ஷிப்டு போட்டால் வீடு வர ராத்திரி ஆகிவிடும். ஓவர்லாக் தைத்தாலும் சரி, செக்கிங், பிசிறு வெட்டுதல், பேக்கிங் என்று எது செய்தாலும் சரி, கம்பெனி நேரம் இதுதான்.

குழந்தையின் நேரம் வேறு. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அதற்குப் பசிக்கும். நாம் வீடு வரும்போது தூங்கியிருக்கும்.

இடையில் விழும் ஒன்றரை வருடம்

மகப்பேறு விடுப்பு 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு, மூன்றாவது என்றால் 12 வாரம்தான். ஈ.எஸ்.ஐ. பிடிக்கும் கம்பெனியில் இருப்பவர்களுக்கு இந்தப் பணம் ஈ.எஸ்.ஐ. மூலம் வரும். அதற்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒரு சந்தா காலம் ஆறு மாதம்) 70 நாளாவது சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். கம்பெனி மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்த 70 நாள்தான் இடிக்கும். ஈ.எஸ்.ஐ. எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, புதுக் கம்பெனியிலும் அதே எண்ணைக் கொடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி முழுவதும் எடுத்துவிட்டால் பிறகு இருப்பது 18 வாரம், அதாவது நாலு மாதம் சொச்சம். ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். உடம்பு தாங்கினால், டாக்டர் சம்மதித்தால், விடுப்பைப் பின்னால் நிறைய வைத்துக்கொள்வது நல்லது. இதை ஏழாவது மாதத்திலேயே யோசித்துவிட வேண்டும்.

சரி, விடுப்பு முடிந்தது. குழந்தைக்கு ஆறு மாதம். அங்கன்வாடியில் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குச் சத்துமாவு தருகிறார்கள், எடை பார்க்கிறார்கள், தடுப்பூசியை நினைவுபடுத்துகிறார்கள். ஆனால் பகல் முழுக்க உட்கார வைத்துப் பார்ப்பது இரண்டு வயதுக்கு மேல்தான். அதுவும் பிற்பகலோடு முடிந்துவிடும். ஆக, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை ஒன்றரை வருடத்துக்குக் குழந்தை யார் கையில் என்பதற்குப் பதிலே இல்லை. நடக்கப் பழகுவதும், பேசப் பழகுவதும், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பதும் இந்த ஒன்றரை வருடத்தில்தான்.

இப்போது பார்ப்பது யார்?

பெரும்பாலும் அம்மாயி, இல்லையென்றால் ஆத்தா. அறுபது வயதில் மூட்டுவலியோடு, ஓடுகிற குழந்தையின் பின்னால் ஓடுவது லேசான வேலையா? "சும்மாதானே வீட்டுல இருக்காங்க" என்று சொல்லிவிடுகிறோம். அவர்கள் பார்ப்பதால்தான் மருமகள் சம்பளம் வீட்டுக்கு வருகிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அதில் ஒரு பங்கை அவர்கள் கையில் கொடுப்பதில் தவறே இல்லை என்பது என் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை குழந்தையை அப்பா பார்த்துக்கொண்டு அவர்களைக் கோயிலுக்கோ, மகள் வீட்டுக்கோ அனுப்பலாம். அப்பாவுக்கும் இரண்டு கை இருக்கிறது அல்லவா?

திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு அம்மாயியும் இல்லை, ஆத்தாவும் இல்லை. வடமாநிலத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கும் அதே கதி. அங்கே யார் பார்ப்பது? மூத்த பெண் பிள்ளை.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1990-களில் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கைமடிக்கவும் எடுபிடிக்கும் சின்னப் பிள்ளைகள் நின்றது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பிள்ளைகளாக இருந்தவர்களே நம் குழுவில் இருக்கிறார்கள். பிறகு சட்டம் கடுமையானது. 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016-இல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. ஆனால் வீட்டுக்குள் தம்பியைப் பார்ப்பது எந்த அதிகாரியின் கண்ணுக்கும் தெரியாது. திங்கட்கிழமை ஒரு நாள், "இன்னைக்கு அம்மாவுக்கு ஒன்றரை ஷிப்டு" என்று வெள்ளிக்கிழமை ஒரு நாள். நாலாம் வகுப்பில் இப்படி விட்ட பிள்ளைக்கு ஏழாம் வகுப்பில் கணக்கு புரியாது. எட்டு முடித்ததும் "படிப்பு ஏறலைங்க" என்போம். படிப்பு ஏறாததற்குக் காரணம் அதன் இடுப்பில் இருந்த தம்பி.

அக்கம்பக்கத்தில் விடுவதும் உண்டு. பார்த்துக்கொள்பவர் தன் வீட்டிலேயே பவர்டேபிள் வேலையோ பிசிறு வெட்டும் வேலையோ செய்துகொண்டிருப்பார். கத்தரிக்கோல், பட்டன், பாலித்தீன் கவர், இழுத்தால் விழும் பீஸ் மூட்டை எல்லாம் தரையில் கிடக்கும். ஒரு பட்டன் தொண்டையில் சிக்கினால் போதும். தண்ணீர் டிரம்மும் அப்படித்தான். நம் பக்கம் குழாய்த் தண்ணீர் தினமும் வராததால் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். ஒரு வயதுக் குழந்தை தலைகுப்புற விழுந்தால் பக்கெட்டில் அரை அடி தண்ணீரே ஆபத்து. டிரம்முக்கு இறுக்கமான மூடி, பக்கெட்டில் தண்ணீர் நிற்காமல் கவிழ்த்து வைப்பது, இந்த இரண்டையும் இன்றே செய்துவிடலாம்.

செல்போனைக் கையில் கொடுத்து உட்கார வைப்பது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. இரண்டு வயது வரை வேண்டவே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பேச்சு வருவது ஆள் முகம் பார்த்துத்தான்.

பாலும் சோறும்

வேலைக்குப் போனால் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. வேன் ஏறுவதற்கு முன், வந்தவுடன், இரவில் என்று கொடுக்கலாம். வந்ததும் பஞ்சுத் தூசி படிந்த துணியை மாற்றி, கைகழுவிவிட்டுக் கொடுங்கள். பகலுக்குப் பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள எவர்சில்வர் டம்ளரில் வைத்துவிட்டுப் போகலாம். வெளியில் வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும். சித்திரை வெயிலில் அதற்கும் குறைவுதான். பிரிட்ஜில் வைத்தால் ஒரு நாள். புட்டிப்பால் பாட்டிலைக் கழுவுவது கஷ்டம், வயிற்றுப்போக்குக்கு வழி. நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையே மேல். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்டுவதற்கென வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேட்டுப் பெற வேண்டியது.

ஆறு மாதம் முடிந்ததும் சாப்பாடு ஆரம்பம். வீட்டில் இருப்பவரிடம் "ஏதாச்சும் ஊட்டுங்க" என்று சொன்னால் டீயில் நனைத்த பிஸ்கட்தான் உள்ளே போகும். அளவு சொல்லிவிட்டுப் போங்கள். முதலில் இரண்டு மூன்று ஸ்பூன். எட்டு மாதத்துக்குள் ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம், இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நாலு வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் கிண்ணம் முதல் முழுக் கிண்ணம். ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடாத அளவு கெட்டியாக இருக்க வேண்டும். ராகி, பருப்பு போட்டுக் குழைந்த சாதம், அவித்த முட்டை, அங்கன்வாடிச் சத்துமாவு, மேலே ஒரு சொட்டு எண்ணெய் அல்லது நெய். பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு ஆக வேண்டும். மாதாமாதம் எடை அட்டையைப் பாருங்கள்.

கம்பெனியில் காப்பகம் கேட்கலாமா?

கேட்கலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்றது. 2017 திருத்தம், ஆணும் பெண்ணும் சேர்த்து 50 பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே 50 பேர் கணக்கு இருக்கிறது.

வேனில் 20 கிலோமீட்டர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஊரிலேயே இருக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் 50 பேர் இருக்க மாட்டார்கள், அங்கே இந்தச் சட்டம் பேசாது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. கம்பெனி தனியாகக் காப்பகம் வைக்காமல், அரசோ, நகராட்சியோ, தொண்டு நிறுவனமோ, வேறு அமைப்போ நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பல கம்பெனிகள் சேர்ந்து ஒன்றை நடத்தவும் செய்யலாம். வேன் கிளம்பும் ஊரிலேயே ஒரு காப்பகத்தை நம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு நடத்தி, அதற்குக் கம்பெனிகளிடம் பங்கு கேட்டால் என்ன? கேட்பதற்கு இந்த வரி ஒரு பிடி.

பெண்கள் அமைப்பு இதைச் செய்வது புதிதும் இல்லை. 1972-இல் இளா பட் அம்மையார் அகமதாபாத்தில் தொடங்கிய 'சேவா' அமைப்பின் பெண்கள், 1986-இல் 'சங்கினி' என்ற குழந்தைப் பராமரிப்புக் கூட்டுறவை அமைத்தார்கள். அம்மாவின் வேலை நேரம்தான் அங்கே காப்பக நேரம். வங்காளதேசக் கிராமங்களில் சிறு குழந்தைகள் குளம் குட்டையில் மூழ்கி இறப்பது பெரிய துயரம். அங்கே காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒரு மணி வரை, அம்மாக்கள் வேலையில் மும்முரமாக இருக்கும் நேரத்தில், ஊர்ப் பெண் ஒருவர் ஒன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளைத் தன் பொறுப்பில் வைத்துப் பார்க்கும் காப்பகங்களைத் தொடங்கினார்கள். அங்கே வந்த குழந்தைகளிடம் மூழ்கிச் சாவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்தக் காப்பகத்துக்கு 'ஆஞ்சல்' என்று பெயர். வங்காள மொழியில் முந்தானை என்று அர்த்தமாம்.

நம் ஊருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், உதாரணத்துக்குத்தான். எட்டுக் குழந்தைகள், பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். கைக்குழந்தை என்றால் ஒருவர் நாலு பேருக்கு மேல் பார்க்க முடியாது. ஒரு தாய் நாளுக்கு 75 ரூபாய் கொடுத்தால் 600 ரூபாய். இருவருக்கு 250 வீதம் 500 போக, பாலுக்கும் சோப்புக்கும் 100 நிற்கும். 250 ரூபாய் குறைந்த கூலிதான், மறுப்பதற்கில்லை. குழந்தை வளர்க்கும் வேலையை மலிவாக வைத்து நாம் மட்டும் ஷிப்டுச் சம்பளம் வாங்குவது சரியாகப் படவில்லை. அதனால்தான் கம்பெனியின் பங்கும் அரசின் பங்கும் வேண்டும் என்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை குழந்தை உள்ள உறுப்பினர்கள் எத்தனை பேர், பகலில் யார் பார்க்கிறார்கள், அதற்காகப் பள்ளிக்கூடம் விடும் பிள்ளை உண்டா என்று மூன்று கேள்வி கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எல்லாக் குழுக்களின் கணக்கும் கூட்டமைப்புக்கு வந்தால் அதை வைத்துக் கிராம சபையில் பேசலாம். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களில் எதையும் விட வேண்டாம். வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் ஒரு நகல் கொடுத்து, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.