வேடந்தாங்கல் குஞ்சுகளுக்கு பக்கத்து ஊர் மீன்

செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். அங்கே நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்கு அந்த ஏரி மீன் மட்டும் போதாது. கரையில் நின்று கவனித்தால் தெரியும்: நீர்க்காகமும் கூழைக்கடாவும் சுற்றுவட்டார ஏரிகளுக்குப் பறந்து மீன் கொண்டுவரும், நத்தைகுத்தி நாரை வயலில் நத்தை பொறுக்கிவரும். எச்சம் கலந்த ஏரிநீர் நெல்லுக்கு உரம். அதனால்தான் 1798-லேயே ஊரார் கலெக்டரிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள்.

இன்று அந்த இரை, பக்கத்து ஊர்களின் சின்ன ஏரிகளைப் பொறுத்தது. பூச்சிமருந்து தெளிப்பானை ஏரியில் கழுவாதீர்கள். காலி டப்பாவை வீசாதீர்கள். மீன் செத்தால் குஞ்சு பட்டினி. வயலுக்கும் உரம் குறையும்.