கரைத்துக் குடித்தும் கவிழ்க்கும் பகுதி

வேதியியலைக் கரைத்துக் குடித்தவர்கள்கூடத் தடுக்கி விழும் இடம் ஒன்று அமெரிக்காவின் எம்கேட் மருத்துவ நுழைவுத் தேர்வில் உண்டு: வாசிப்புத் திறன் பகுதி. 90 நிமிடங்கள், 9 உரைப்பகுதிகள், 53 கேள்விகள். தத்துவம், இசை, வரலாறு என்று எதுவும் வரலாம். மதிப்பெண் 118-லிருந்து 132 வரை. மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் சிக்கலே.

பலரைக் கவிழ்ப்பது, விநோதமாக, அவர்களுடைய அறிவுதான். கட்டுரையாளர் சொன்னதை விட்டுவிட்டுத் தாங்கள் அறிந்ததை வைத்து விடை குறிக்கிறார்கள். 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அடித்துச் சொல்லும் விடைகள் பெரும்பாலும் பொறி. வேக வாசிப்புப் பயிற்சி இதற்கு மருந்தல்ல. தவறிய ஒவ்வொரு கேள்விக்கும், எந்த வரி ஏமாற்றியது என்று நோட்டில் எழுதிப் பார்ப்பதே பலன் தருகிறது. அலுப்பூட்டும் வேலை, மாதக்கணக்கில் பிடிக்கும். ஒரு பகுதிக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கும் தவறக் கூடாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விடுவது அசட்டுத்தனம்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் படிப்புக்கு எம்கேட்டில் இந்த ஒரு பகுதியின் மதிப்பெண் மட்டுமே கணக்கு. இயற்பியலில் சறுக்கியதை அங்கே யாரும் கேட்பதில்லை.