நெஞ்செரிச்சலும் நம் சாப்பாட்டு நேரமும்

வயிற்றில் எது வந்தாலும் "காஸ்ட்ரிக்" என்று ஒரே பெயர் வைத்துவிடுவது நம்மவர் வழக்கம். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் ஈனோ பொட்டலம் கண்ணுக்கெதிரே தொங்குவதற்கு அதுவே காரணம். நான் மருத்துவன் அல்லேன். வகுப்பறையில் அறிவியல் நடத்தியவன். ஆயினும் அன்பர்கள் பலரும் என்னிடம் கேட்பதால், மருத்துவர்கள் சொல்வதைத் திரட்டி இங்கே தருகிறேன்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் வளையம் போன்ற ஒரு தசை உண்டு. உணவு இறங்கியதும் அது இறுகிக்கொள்ள வேண்டும். அது தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலே ஏறுகிறது. அமிலத்தைத் தாங்கும் பூச்சு இரைப்பைக்கு உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. ஆகவேதான் எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது, சிலருக்கு இரவில் வறட்டு இருமலும் வரும்.

வெறும் வயிற்றில் மேல்வயிறு வலிப்பது பெரும்பாலும் வேறு கதை. இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்பதை ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டறிந்து 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் நாட்டில் அக்கிருமி மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் அதிகம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் அமிலம் மேலேறும் நோயும் இந்தியர்களிடமே கூடுதலாகக் காணப்பட்டது.

என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, வயிற்றில் கோப்பி-ஓ மட்டும். மாலையில் நேரத்தோடு உண்டு, இருட்டியதும் படுத்தார்கள், பகலெல்லாம் நடந்தார்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த நமக்கோ இரவு பத்து மணிக்கு ரொட்டி சானாய், தே தாரே, உடனே படுக்கை. தொந்தி வயிற்றை அழுத்தும்போது அமிலம் மேலே வராமல் எங்கே போகும்?

படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே உண்டு முடிப்பதுதான் முதல் மருந்து. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குல உயரத்துக்கு மரக்கட்டை வையுங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் அழுத்தும், பயனில்லை. இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது. புகை, மது, எண்ணெய்ப் பலகாரம் மூன்றும் அந்தத் தசையைத் தளர்த்துபவை. காரம் எல்லாருக்கும் ஆகாது என்பதில்லை. உங்களுக்கு எது எரிகிறதோ அதை விடுங்கள். எடை குறைந்தால் பலருக்கு எரிச்சலும் குறையும்.

விரதமிருப்போருக்கு ஒரு வார்த்தை. விரதம் முடித்ததும் அன்னதானப் பந்தியில் வடை, பாயசத்தோடு வயிறு முட்ட உண்பதே தொல்லை. முதலில் சிறிது கஞ்சி போதும். பரிமாறும் தொண்டர்களே, வேண்டாம் என்பவர் இலையில் மறுசோறு வைத்து அன்பு காட்டாதீர்கள்!

ஒமெப்ரசோல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னர் விழுங்க வேண்டும். பலர் பின்னர் விழுங்கிவிட்டுக் கேட்கவில்லை என்கிறார்கள். ரனிடிடின் மாத்திரைகள் 2019 முதல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டன. பழைய அட்டை வீட்டில் இருந்தால் மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். மூட்டுவலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை. அவற்றை உண்பவர்கள் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

விழுங்கும்போது தடை, காரணமின்றி மெலிதல், இரத்த வாந்தி, கருப்பு மலம் இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பந்தியில் உண்டெழுந்த பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "காஸ்ட்ரிக்தான்" என்று ஈனோ கேட்டார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. இடக்கை வலிப்பதாகவும் சொன்னார். உடனிருந்த இளைஞர் ஈனோவைத் தேடாமல் காரைத் தேடினார். அது மாரடைப்பு, பிழைத்துக்கொண்டார். வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் 999-ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். அவர்கள் தாமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பக் கூடாது.