குடிநீரில் புளோரைடும் ஊராட்சி மன்றங்களின் பொறுப்பும்

காவிரியாறு ஒகேனக்கல்லில் பாறைகளைப் பிளந்துகொண்டு இறங்கும் இடத்திற்கு அண்மையில், கருநாடகப் பக்கத்துக் காட்டினுள் கோபிநத்தம் என்னும் சிற்றூர் இருக்கின்றது. இவ்வூர் அடங்கிய கொள்ளேகால் வட்டாரம் 1956ஆம் ஆண்டு வரையில் சென்னை இராச்சியத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூருடன் இணைந்தது; 1997இல் மைசூர் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்ட சாமராசநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. ஊர்மக்கள் வீட்டில் பேசுவது தமிழே. ஆற்றைக் கடந்தால் தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டம். மாநில எல்லை ஆற்றோடு செல்கின்றது. அடியிலுள்ள பாறைக்கு அத்தகைய எல்லை ஏதுமில்லை. இரு கரையிலும் நைஸ், சார்னோகைட் முதலிய மிகப் பழமையான பாறைகளே பரவிக் கிடக்கின்றன. இப்பாறைகளின் வெடிப்புகளில் தங்கும் நீரே ஆழ்துளைக் கிணறுகளின் வழியே மேலே வருகின்றது.

ஆற்றங்கரை நாட்டில் வாழ்ந்தும் ஆற்று நீரைப் பருகாமல் பாறை நீரைப் பருகியதே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நெடுநாளைய துன்பம். அந்நீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கும், வாடையில்லை, நாவுக்கும் வேறுபாடு தெரியாது. ஆயினும் அதில் கரைந்திருக்கும் புளோரைடு என்னும் உப்பு குழந்தைகளின் பற்களைக் கறைப்படுத்திற்று. பல ஆண்டுகள் பருகிய முதியோரின் முதுகையும் முழங்காலையும் விறைக்கச் செய்தது. இந்நோயைப் புளோரோசிஸ் என்பர்.

நம் நாட்டில் இந்நோய் முதன்முதலாக விரிவாக ஆராயப்பட்டதும் பழைய சென்னை மாகாணத்திலேயே. நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் எலும்புகள் இறுகிக் கூன் விழுந்தோரைக் கண்ட ஷார்ட் என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவர்தம் துணைவரும், குடிநீரிலுள்ள புளோரைடே அதற்குக் காரணமென 1937இல் வெளியிட்டனர். அதற்கு ஆறாண்டு முன்னர், 1931இல், அமெரிக்காவில் பற்களில் தோன்றும் பழுப்புக் கறைக்கும் இதே உப்புதான் காரணமென்று கண்டறியப்பட்டிருந்தது. ஆகவே இது புதிய செய்தியன்று. காரணம் தெரிந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகின்றது.

புளோரைடு முழுவதும் நஞ்சன்று. சிறிதளவு இருப்பின் பற்சொத்தையைத் தடுக்கும். அளவு மீறுவதே தீங்கு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரையில் ஏற்கத்தக்கது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரையில் பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பும் 1.5 மில்லிகிராமே. அதற்கு மேற்பட்டால் பற்களில் கறை தோன்றும். 3 முதல் 6 மில்லிகிராம் வரையுள்ள நீரை நீண்ட காலம் பருகுவோருக்கு எலும்பிலும் மாறுதல்கள் காணக்கூடும். 10 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் உடல் முடங்கும் நிலையும் நேரலாம். நீரைக் காய்ச்சினால் இக்குறை தீரும் என்று நம்புவோர் பலர். காய்ச்சுவதால் கிருமி சாகும், புளோரைடு ஆவியாவதில்லை. நீர் வற்றவற்ற எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். இதனைக் களப்பணியாளர் வீடுதோறும் சொல்ல வேண்டும்.

பாறையிலுள்ள பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் முதலிய கனிமங்களில் புளோரைடு பொதிந்திருக்கின்றது. பாறையோடு நெடுங்காலம் ஒட்டிக் கிடக்கும் நீரில் அது மெல்லக் கரைகின்றது. நீரில் சுண்ணச்சத்தாகிய கால்சியம் மிகுந்திருப்பின், அது புளோரைடைப் பிடித்துப் படியச் செய்துவிடும். ஆனால் ஆழத்திலுள்ள நீரில் பெரும்பாலும் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, கால்சியம் குறைந்திருக்கும்; அங்கே புளோரைடைத் தடுத்து நிறுத்துவார் இல்லை. ஆதலின் மழைநீர் எளிதில் சென்று சேரும் பழைய திறந்த கிணற்றைவிட, பல நூறு அடி ஆழ்துளைக் கிணற்றில் இவ்வுப்பு மிகுந்திருத்தல் பொதுவான இயல்பு. நிலத்தடி நீர் இறங்க இறங்க நாம் மேலும் ஆழத் துளைக்கின்றோம். நீரின் அளவைப் பற்றிய குறை, இவ்வாறு நீரின் தன்மையைப் பற்றிய குறையாகவும் மாறிவிடுகின்றது. இவ்விரண்டையும் தனித்தனித் துறையாருக்கு உரியனவாகக் கருதி வந்தது தவறு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

இத்துன்பத்தை நீக்கும் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது. புளோரோசிஸ் பாதிப்பைக் குறைத்தல் என்பது அத்திட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றது. 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்று, ஜப்பானியக் கடனுதவியுடன் 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் நிறைவுற்று, 2013 மே மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் சுத்திகரிக்கப்பட்டு, மேட்டிற்கு ஏற்றப்பட்டு, இரு மாவட்டங்களிலுமுள்ள நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளுக்கும் குழாய் வழியே செல்கின்றது. பொறியியலாரின் பணி பெரும் பணியே. எனினும் அவர்தம் குழாய் ஊரின் மேல்நிலைத் தொட்டியோடு நின்றுவிடுகின்றது. அத்தொட்டியிலிருந்து வீட்டுக் குடம் வரையுள்ள கடைசி ஒரு கல் தொலைவு ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. வெற்றியும் தோல்வியும் அங்கேதான் முடிவாகின்றன.

ஏனெனில் பல ஊர்களில் ஆற்று நீருக்கும் ஆழ்துளைக் கிணற்று நீருக்கும் ஒரே தொட்டி. ஆற்று நீர் குறைவாக வரும் நாளில், தொட்டி இயக்குபவர் மோட்டாரைப் போட்டுக் கிணற்று நீரால் நிரப்புகின்றார். அவர்மேல் குற்றமில்லை, குழாயில் நீர் வரவில்லையெனில் ஊரார் அவரைத்தான் கேட்பர். ஆனால் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆற்று நீரில் லிட்டருக்கு 0.4 மில்லிகிராமும் கிணற்று நீரில் 3 மில்லிகிராமும் புளோரைடு இருப்பதாக எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். இரண்டையும் சரிபாதி கலந்தால் 1.7 மில்லிகிராம் ஆகும், இஃது 1.5 என்னும் மேல்வரம்பைத் தாண்டிவிடுகின்றது. ஏற்கத்தக்க 1 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டுமாயின், ஒரு பங்கு கிணற்று நீருக்கு மூன்றரைப் பங்கு ஆற்று நீர் வேண்டும். இக்கணக்கைத் தொட்டியடியில் எவரும் போடுவதில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர் போடக்கூடிய எளிய கணக்கே இது. ஆசிரியர்கள் தத்தம் ஊர் அளவுகளைக் கொண்டு வகுப்பில் செய்து காட்டலாம்.

இரு நீரையும் பிரித்து வைப்பதே நேரான வழி. குடிக்கவும் சமைக்கவும் ஆற்று நீர். குளிக்கவும் துவைக்கவும் மாட்டுக்கொட்டிலைக் கழுவவும் கிணற்று நீர். சிறு பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைத் தனியே நிறுத்திக் கிணற்று நீரை அதில் ஏற்றித் தெருக்குழாயில் விடுவது பெருஞ்செலவன்று. தோலில் படும் புளோரைடால் இத்தீங்கு வருவதில்லை, உட்கொள்வதே தீங்கு. அடிகுழாய்களையும் இதே முறையில் சோதித்து, தீங்கற்றதற்குப் பச்சை வண்ணமும் குடிக்கத் தகாததற்குச் சிவப்பு வண்ணமும் தீட்டினால், எழுத்தறியாத பாட்டியும் அறிந்துகொள்வார். சிவப்பு தீட்டிய குழாயை மூடிவிட வேண்டியதில்லை. குளிக்கவும் துவைக்கவும் அது உதவும்.

பிரித்து வைத்தாலும் ஆற்று நீர் போதுமா என்ற வினா எழும். இங்கேதான் சேமிப்பு நோய்த்தடுப்பாகின்றது. தெருக்குழாய் ஒன்று நிமிடத்திற்கு ஒரு லிட்டர் வீதம் ஒழுகுவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 1,440 லிட்டர் வீணாகும். 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அளவு. அதன்படி அவ்வொரு குழாய் விழுங்குவது 26 பேருடைய பங்கு. அக்குறையை ஈடுசெய்ய மோட்டார் ஓடும். தொட்டியில் பாறை நீர் ஏறும். ஒழுக்கைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. இரவு பத்து மணிக்கு ஊர் அடங்கிய பின், வாய்க்குழாய்கள் அனைத்தும் மூடப்பட்டிருக்க, தொட்டியின் வெளிப்போக்கு வால்வை மட்டும் திறந்து நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்க. விடியற்காலை ஐந்து மணிக்கு மீண்டும் பார்க்க. மட்டம் எவ்வளவு இறங்கிற்றோ அவ்வளவும் மண்ணுக்குப் போயிற்று. தெருத்தெருவாக வால்வை மூடி இதையே செய்தால், ஒழுகும் தெரு எதுவென்றும் தெரிந்துவிடும்.

பரிசோதனைக்கு வருவோம். ஊர்தோறும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு ஜல் ஜீவன் இயக்கத்தில் உண்டு. அத்தகைய பெட்டிகள் சிலவற்றில் சிர்கோனியமும் அலிசரின் சாயமும் சேர்ந்த கரைசல் இருக்கும். புளோரைடு மிக மிகச் சிவப்பு மங்கி மஞ்சளாகும். இது தோராயக் கணிப்பே. 1 மில்லிகிராமை ஒட்டியோ அதற்கு மேலோ காட்டும் மாதிரிகளை மாவட்ட ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி உறுதிசெய்ய வேண்டும். மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் பார்ப்பது நலம்; ஒரே கிணற்றிலும் அளவு மாறும். மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் நெடுநாள் வைத்திராமல் பிளாஸ்டிக் புட்டியில் எடுத்தல் வேண்டும். புளோரைடு கண்ணாடியோடு வினைபடக்கூடும்.

கண்ட அளவை எழுதி அலமாரியில் பூட்டிவிட்டால் பயனில்லை. தமிழ்நாட்டில் 2022 முதல் உலக நீர் நாளாகிய மார்ச் 22ஆம் தேதியும் கிராம சபை கூடும் நாட்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கிணற்றின் அளவையும் அன்று உரக்கப் படிக்கலாம். அரசியலமைப்பின் 73ஆம் திருத்தத்தால் ஏற்பட்ட பதினோராம் அட்டவணையில் குடிநீரும் நீர் மேலாண்மையும் ஊராட்சிகளுக்கு உரிய பொருள்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. இது கருநாடகத்துக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் பொருந்தும். பணமில்லை என்ற விடையும் முழு உண்மையன்று. பதினைந்தாம் நிதிக் குழு 2021 முதல் 2026 வரையில் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், மழைநீர்ச் சேமிப்பு, துப்புரவு ஆகியவற்றுக்கென்றே கட்டப்பட்டிருந்தது.

குழாய் எட்டாத காட்டோரக் குடியிருப்புகளுக்கு மழையே உற்ற துணை. வானத்திலிருந்து விழும் நீரில் பாறையின் உப்பு இல்லை. 200 சதுர மீட்டர் கூரையுள்ள பள்ளிக்கூடம் ஒன்று. ஆண்டு மழை 800 மில்லிமீட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் எனத் தள்ளினாலும் 1,28,000 லிட்டர் கிடைக்கும். நூறு மாணவர் ஆளுக்கு இரண்டு லிட்டர் வீதம் 200 பள்ளி நாட்கள் பருகினாலும் 40,000 லிட்டரே செலவு. மழையற்ற மாதங்களின் 80 பள்ளி நாட்களுக்கு 16,000 லிட்டர்த் தொட்டி ஒன்று போதும். முதல் மழையை வெளியே விட்டுக் கூரையின் தூசியைக் கழுவுதல், தொட்டி வாயைக் கொசுவலையால் மூடுதல், குளோரின் இடுதல் ஆகியவற்றில் சோர்வு கூடாது. திறந்த கிணற்றுக்கும் இதுவே பொருந்தும். அதில் புளோரைடு குறைவாயிருக்கலாம். ஆனால் கிருமி மிகுந்திருக்கும். வாய்க்குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சிய குளோரின் இருக்கின்றதா என்று பார்த்த பின்னரே அந்நீரைப் பருகக் கொடுக்க வேண்டும். ஒரு நோய்க்கு அஞ்சி மற்றொன்றை அழைத்துக்கொள்ளலாகாது.

தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் அருகிலுள்ள கிணறுகளில் மழைநீரைச் சேர்த்துப் புளோரைடின் செறிவைக் குறைக்கக்கூடும். எல்லாக் கிணற்றிலும் அவ்வாறு நிகழும் என்று உறுதி கூறலாகாது. வெடிப்புகள் செல்லும் திசையைப் பொறுத்தது அது. குட்டை வெட்டிய பின்னும் அளந்து பார்த்தே முடிவு செய்க.

புளோரைடை நீக்கும் முறைகளும் உண்டு. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுக் கலக்கித் தெளியவைக்கும் நலகொண்டா முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிற்று. அலுமினா வடிகட்டிகளும் எதிர்ச்சவ்வூடு இயந்திரங்களும் வேறு வழிகள். இவை யாவும் நன்றே. ஆயினும் அலுமினாவைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். சவ்வை மாற்ற வேண்டும். கழிவாக வெளியேறும் நீரில் புளோரைடு மேலும் செறிந்திருப்பதால், அதனைக் கிணற்றருகே விடலாகாது. பராமரிப்பார் இல்லாத இயந்திரத்தைவிட ஒழுகாத குழாய் மேலானது என்றே தோன்றுகின்றது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். கால்சியம் போதிய அளவில் இருப்பின் குடலில் புளோரைடு உட்கவர்தல் குறையும். இவ்வட்டாரத்தின் பழைய உணவாகிய கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. களியையும் கூழையும் ஏழைமையின் அடையாளமாகக் கருதிக் கைவிட்டோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். தேயிலைச் செடியோ மண்ணிலுள்ள புளோரைடைத் தன் இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. புளோரைடு மிகுந்த ஊரில் சிறு பிள்ளைகளுக்குக் கடுந்தேநீர் கொடுத்துப் பழக்குவது வேண்டாத செயல்.

இறுதியாக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நிலைத்த முன்பற்களின் பூச்சு குழந்தையின் முதல் மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே உருவாகின்றது. பற்கள் வெளிவருவது ஆறு முதல் எட்டு வயதில். ஆகவே மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் முன்பல், அப்பிள்ளை தவழ்ந்த காலத்தில் பருகிய நீரின் பதிவேடு. புளோரைடுக் கறை பல்லின் குறுக்கே வெண்கோடுகளாகவோ பழுப்புப் பட்டைகளாகவோ, இடமும் வலமும் ஒத்த பற்களில் காணப்படும், தேய்த்தால் போகாது. ஈறோரத்தில் படிந்து, தேய்த்தால் நீங்குவது வெறும் அழுக்கு. மூன்றாம் வகுப்பு மாணவர்களின் பெயர், பிறந்த ஆண்டு, அப்போது வசித்த தெரு, வீட்டில் குடித்த நீர், முன்பற்களின் நிலை ஆகிய ஐந்தையும் ஆண்டுதோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. குழந்தைகளைப் பிறர் முன் வாய்திறக்கச் சொல்லி நாணச் செய்யாமல், பல்துலக்கும் பாடத்தினூடே இதனைச் செய்யலாம். ஆற்று நீர் ஊருக்கு வந்த பின் பிறந்த பிள்ளைகளின் பற்கள் வெண்மையாக இருப்பின், தொட்டியில் ஆற்று நீரே ஏறியது என்று கொள்ளலாம். ஒரு தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் கறை தொடர்ந்து காணப்படின், அத்தெருவின் குழாய் எந்தத் தொட்டியோடு இணைந்திருக்கின்றது என்பதைத் தொட்டி இயக்குபவரை உடனழைத்துச் சென்று பார்த்து, ஊராட்சித் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.