உஷார்! ‘நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்’ என்கிறார்களா?

போன வைகாசியில் என் சித்தி மகள் போன் செய்தாள். “அண்ணா, விளக்குத் திரி போடுற மெஷின் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். பஞ்சு அவங்களே தர்றாங்க. திரியையும் கிலோ கணக்குல அவங்களே திரும்ப வாங்கிக்கிறாங்க. நாம கடை கடையா ஏறி விக்கவே வேண்டாம்.” குரலில் அப்படியொரு சந்தோஷம். நான் பஸ்ஸில் இருந்தேன். சாயங்காலம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் பேச மறந்துபோனது. மறுநாள் காலையிலேயே அவள் வளையல் இரண்டையும் அடகு வைத்து முன்பணம் கட்டிவிட்டாள்.

நான் அன்று பேசியிருந்தால் கேட்டிருப்பாளோ என்னவோ. ஆனால் பேசியிருக்க வேண்டும். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே உட்காரவைத்துப் பேசுங்கள்.

நடந்தது இதுதான். முதல் முறை கொண்டுபோன திரிக்குக் கையில் ரொக்கம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தைப் பார்த்துத்தான் பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் மெஷின் எடுத்தார்கள். இரண்டாம் முறை, “முறுக்கு சரியில்லை, பாதிதான் எடுப்போம்” என்றார்கள். மூன்றாம் முறை, “ஸ்டாக் நிறைய இருக்கு, அடுத்த மாசம் வாங்க.” அதற்கடுத்த மாதம் அவர்கள் ஆபீஸ் இருந்த மாடியில் ‘வாடகைக்கு விடப்படும்’ என்று போர்டு தொங்கியது. கோயம்புத்தூரில் விசாரித்தேன். அதே மெஷின், இவள் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது.

இதில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் திரி வியாபாரிகள் இல்லை. மெஷின் வியாபாரிகள். மெஷின் கைமாறிய நிமிடத்திலேயே அவர்களுடைய லாபம் முடிந்துவிட்டது. முதல் முறை உங்களுக்குக் கொடுக்கும் ரொக்கம், அடுத்த ஆளைப் பிடிக்க அவர்கள் செய்யும் விளம்பரச் செலவு. ஒப்பந்தத்தில் ‘தரம் சரியாக இருந்தால் வாங்கிக்கொள்வோம்’ என்று ஒரு வரி இருக்கும். தரத்தை முடிவு செய்வது யார் என்று தேடிப் பாருங்கள், அவர்களேதான். திரி, கற்பூரம், ஊதுபத்தி, பேப்பர் தட்டு, பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர் பேக்கிங் என்று ஊருக்கு ஊர் பொருள் மாறும், பேச்சு மாறாது.

அடகு நகையோடு போனால்கூட ஒரு நாள் மீட்டுவிடலாம். வங்கிக் கடனும் அரசு மானியமும் இதற்குள் நுழையும்போதுதான் எனக்கு வயிறு கலங்குகிறது. புதுத் தொழில்முனைவோர் பெருக வேண்டும், அப்போதுதான் வேலையும் வருமானமும் பெருகும் என்று நாடு பணத்தை இறக்கியிருக்கிறது. 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா சிறுதொழில் கடன் திட்டத்தில் மட்டும் பத்தாண்டுகளில் 50 கோடிக்கு மேற்பட்ட கடன்கள், 32 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகமாக. அவற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் பெயரில். நல்ல காரியம்தான். ஆனால் கையில் முதல் இல்லாத, வியாபார அனுபவமும் இல்லாத ஒருவர் பெயரில் சில லட்சம் ரூபாய் வரப்போகிறது என்று தெரிந்தால், அந்தப் பணம் எந்த வாசல் வழியாக வெளியே வரும் என்று காத்திருக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த வாசலுக்குப் பெயர் கொட்டேஷன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இலிருந்து நடப்பது. உற்பத்தித் தொழிலென்றால் 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு, நகரமா கிராமமா, எந்தப் பிரிவினர் என்பதைப் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை மானியம். மெஷினுக்கான பணத்தை வங்கி பெரும்பாலும் உங்கள் கையில் தராது, மெஷின் விற்பவர் கணக்குக்கே நேராக அனுப்பும். நீங்கள் ஏமாறக் கூடாது என்று வைத்த ஏற்பாடு இது. விற்பவரே திருடன் என்றால்? ஒன்றரை லட்ச ரூபாய் மெஷினுக்கு ஐந்து லட்சத்துக்குக் கொட்டேஷன் போடுவான். “நீங்க போட வேண்டிய பங்குத் தொகையையும் நாங்களே பார்த்துக்கிறோம்மா, கையெழுத்து மட்டும் போடுங்க” என்பான். அந்த இனிப்பான பேச்சில் கையெழுத்துப் போட்டால், பொய்யான விலைக்கு நீங்களும் சாட்சி. நாளைக்குப் புகார் கொடுக்கப் போகும்போது அதுவே உங்கள் வாயை அடைக்கும்.

மானியமும் நீங்கள் நினைப்பதுபோல் கைக்கு வராது. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாகக் கிடக்கும். தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். ஆறே மாதத்தில் மெஷின் மூலையில் கிடந்தால் கழிப்பதற்கு என்ன இருக்கிறது? கடன் முழுவதும் வட்டியும் உங்கள் தலையில். சிபில் மதிப்பெண் விழுந்தால், பிறகு உண்மையிலேயே நல்ல தொழில் ஒன்று கண்ணில் பட்டாலும் எந்த வங்கியும் ஏறெடுத்துப் பார்க்காது. ஒருவருடைய முதல் முயற்சியோடு அவருடைய அடுத்த முயற்சியையும் சேர்த்துத் திருடும் வேலை இது.

கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈமு கோழியை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பணம் கட்டுங்கள், குஞ்சு தருகிறோம், மாதாமாதம் பராமரிப்புத் தொகை தருகிறோம், பறவையை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். 2012-இல் பெருந்துறையில் அது சரிந்தபோது, தீனி போட ஆளில்லாமல் ஆயிரக்கணக்கில் பறவைகள் நின்றன. கடைசியில் மாவட்ட நிர்வாகமே தீனி வாங்கிப் போட வேண்டியிருந்தது. ஈமு கறியை வாங்கிச் சாப்பிட இங்கே எத்தனை வீடு இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அதே வட்டாரத்தில்தான் பல்லடம், உடுமலை பக்கம் கறிக்கோழிப் பண்ணைகளும் இருக்கின்றன. அங்கேயும் ஒப்பந்தம்தான். அங்கேயும் கம்பெனியே கோழியை எடுத்துக்கொள்கிறது. பின் என்ன வித்தியாசம்? அங்கே குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியின் செலவு. விவசாயி போடுவது கொட்டகையும் உழைப்பும். வளர்ப்புக் கூலி வாங்குகிறார். கூலி போதவில்லை என்று அவர்கள் போராடுவதுண்டு, அது நியாயமான வேறு சண்டை. ஆனால் கம்பெனியின் பணம் விவசாயியின் கொட்டகைக்குள் நிற்கிறது, கோழியைத் திரும்ப எடுக்காவிட்டால் நஷ்டம் கம்பெனிக்கு. திரி மெஷினில் உங்கள் பணம் அவன் பையில். திரும்ப வாங்காவிட்டால் அவனுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. யாருடைய பணம் முதலில் யாருடைய கைக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள். மெஷினைச் சும்மா கொடுத்துவிட்டு, செய்துதரும் கூலியை மட்டும் பேசச் சொல்லுங்கள். நிஜமாகவே திரி தேவைப்படுகிறவர் யோசிப்பார். மற்றவர் போனை வைத்துவிடுவார்.

நேர்மையான ஆளிடம் மெஷின் வாங்கியும் மாட்டிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில், பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் தட்டும் உண்டு. கடன் வாங்கி கப் மெஷின் போட்டவர்கள் அன்றைக்குத் தவித்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போயும் 2023-இல் பேப்பர் கப் தடை நிலைத்தது. இருந்தும் ‘வீட்டிலிருந்தே பேப்பர் கப் தொழில்’ என்று இன்றும் வீடியோவில் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால், தடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையாவது சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

இன்னொரு கும்பல் மெஷின்கூட விற்பதில்லை. ‘உங்களுக்கு முத்ரா கடன் ஒதுக்கியாகிவிட்டது, இன்சூரன்ஸுக்கும் ப்ராசஸிங்குக்கும் இவ்வளவு கட்டுங்கள்’ என்று அசோகச் சக்கரம் போட்ட கடிதம் வாட்ஸ்அப்பில் வரும். முத்ரா நிறுவனம் தனி ஆளுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதே இல்லை. கொடுப்பது உங்கள் ஊர் வங்கி. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கும் கட்டணம் கிடையாது. ஆதார் எண்ணை வைத்து நீங்களே செய்யலாம். ‘gov.in’ என்று முடியாத தளத்தில் பணம் கேட்டால் அந்த நொடியே மூடிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு நாள் அலையுங்கள். பூஜைச் சாமான் மொத்தக் கடைக்குப் போய், ‘திரி கொண்டுவந்தால் கிலோ என்ன விலைக்கு எடுப்பீர்கள், பணம் எத்தனை நாளில் தருவீர்கள்’ என்று கேளுங்கள். அந்த விலையில் பஞ்சும் கரண்டும் கூலியும் கழித்து மிச்சம் நிற்கிறதா என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு முன் அதே ஆளிடம் மெஷின் எடுத்தவரைத் தேடிப் பிடியுங்கள். விற்பவர் அழைத்துப்போய்க் காட்டும் வீடு வேண்டாம், நீங்களாகக் கண்டுபிடித்த வீடாக இருக்கட்டும். கொட்டேஷனை மூன்று இடத்தில் வாங்கி, மாவட்டத் தொழில் மையத்தில் காட்டி, இந்த விலை சரியா என்று கேளுங்கள். அங்கே கேட்பதற்குக் காசு இல்லை, இடைத்தரகரும் தேவையில்லை.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். சித்தி மகள் மூன்று மாதம் மறைத்தாள், அந்த மூன்று மாதத்தில்தான் அவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். வங்கிக் கடன் இன்னும் சப்ளையர் கணக்குக்குப் போகவில்லை என்றால், நாளைக் காலை கிளை திறந்ததும் மேலாளரிடம் எழுத்து மூலமாகக் கொடுத்து நிறுத்தச் சொல்லி, நகலில் முத்திரை வாங்குங்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் இந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். பில், ஒப்பந்தம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். ‘மெஷின் வந்துவிட்டதே, இது வியாபாரத் தகராறு’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால், தனியாக நிற்காதீர்கள். அதே ஆளிடம் மெஷின் எடுத்த மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.