தேங்காய்த் தொப்பிக்குள் ஒரு வேட்டை! தெரியுமா?

கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்குச் சொறித் தேங்காய் புதிதல்ல. அந்தச் சொறியை உண்டாக்கும் சிலந்தியைத் தேடித் தின்னும் இன்னொரு சிலந்தி இருப்பது தெரியுமா?

* சொறிக்குக் காரணம் ஈரியோபைட் சிலந்தி. நீளம் ஒரு மில்லிமீட்டரில் நாலில் ஒரு பங்குதான்! சிலந்திகளுக்கு எட்டுக் கால். இதற்கு நாலே கால்! இந்தியாவில் 1998-இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில்தான் முதலில் பிடிபட்டது.

* உதிர்ந்த குரும்பையின் காம்படித் தொப்பியைப் பெயர்த்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெள்ளைத் தூள் நகர்வதுபோல் ஆயிரக்கணக்கில் ஊரும்! மருந்து எளிதில் எட்டாத அந்த இடுக்குக்குள்ளும் நுழைந்துவிடும் ஒரு வேட்டைச் சிலந்தி. பெயர் நியோசெயுலஸ் பராக்கி. தட்டையான, நீண்ட உடம்பு; இடுக்குக்கென்றே வார்த்தது போல!

* பராக்கி சேர்ந்த வேட்டைச் சிலந்திக் குடும்பத்துக்கே கண் கிடையாது! வாசனைதான் வழிகாட்டி. இரைச் சிலந்தி கடித்த செடி விடும் வாசனையைப் பிடித்தே இரையிடம் வந்து சேரும் இனங்கள் உண்டு!

* இலங்கையில் லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனம் பராக்கியை வளர்த்துத் தோப்புகளில் விட்டது. வளர்ப்புத் தீனி என்ன தெரியுமா? கொப்பரையில் மொய்த்து, அதைக் கையாளுபவர்களுக்கு அரிப்பு தரும் இன்னொரு சிலந்தி! தேங்காயைக் காக்கப் போகிறவனுக்குக் கொப்பரைக் கள்ளனே சாப்பாடு!

* இந்த வேட்டைக் குடும்பத்தில் சில இனங்கள் இரை கிடைக்காவிட்டால் மகரந்தத்தைத் தின்று காலம் தள்ளும். பைட்டோசெயுலஸ் பெர்சிமிலிஸ் என்ற இனமோ தன் இரையான செஞ்சிலந்தி இல்லாவிட்டால் பட்டினிதான்!

* கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் வகைச் சத்து தீனியில் இல்லாவிட்டால், பகல் குறுகுவதையே உணர முடியாத இனமும் இந்தக் குடும்பத்தில் உண்டு. குளிர்காலம் வருவதே அதற்குத் தெரியாது!

* பெர்சிமிலிஸ் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய 15 டிகிரி செல்சியஸில் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். 30 டிகிரியில் ஐந்தே நாள்! ஆனால் வெயில் ஏறி ஈரப்பதம் வற்றினால் முட்டை சுருங்கிப் பொரிக்காமல் போகும். செஞ்சிலந்திக்கோ அந்த வறண்ட வெயில்தான் கொண்டாட்டம்!

அக்னி நட்சத்திரம் கொளுத்தும் புதுக்கோட்டைக்கு இது பெரிய பாடம். வேட்டைக்காரனுக்குத் தீனியும் வேண்டும், ஈரமும் வேண்டும். தோப்புக்குள் சணப்பு ஊடுபயிர், சுற்றிலும் சவுக்கு வேலி என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதைச் செய்து பாருங்கள். கண்டபடி மருந்தடித்து இந்தக் காவல்காரனைக் கொன்றுவிடாதீர்கள். கண்ணில்லாத அவன்தான் உங்கள் காய்க்குக் காவல்!