புற்றுநோய் தரும் இரசாயனம் எது? அரசாங்கங்கள் முடிவு செய்யும் முறை

சிங்கப்பூரில் தேக்காவிலாயினும் பிடோக் அடுக்குமாடி வீடுகளிலாயினும், தமிழர் சமையலறையில் இந்தியாவிலிருந்து வரும் மசாலைத் தூளுக்குத் தனியிடம் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஹாங்காங்கில் நடந்த சோதனையைத் தொடர்ந்து, ‘எவரெஸ்ட்’ மீன் குழம்பு மசாலையைத் திரும்பப் பெறுமாறு சிங்கப்பூர் உணவு அமைப்பு அதன் இறக்குமதியாளருக்கு உத்தரவிட்டது. எத்திலீன் ஆக்சைடு என்னும் இரசாயனம் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் அதில் இருந்ததே காரணம். குறைந்த அளவில் உண்டவர்களுக்கு உடனடி ஆபத்து இல்லை என்றும், நெடுங்காலம் உடலிற் சேர்ந்தால் கேடு விளையலாம் என்றும் அவ்வமைப்பு அறிவித்தது.

உடனடி ஆபத்து இல்லையெனில் திரும்பப் பெறுவானேன்? இவ்வினாவுக்குரிய விடை, தோட்டங்களில் களைக்கொல்லியும் அமிலமும் கையாளும் தொழிலாளர்களும் அறிய வேண்டியதாகும்.

மூவகைச் சான்றுகள்

எத்திலீன் ஆக்சைடு நிறமற்ற வாயு. துணி இழை, சலவைப் பொருள் முதலியவற்றின் தயாரிப்பிலும், மருத்துவக் கருவிகளையும் மசாலைப் பொருள்களையும் கிருமி நீக்குவதிலும் பயன்படுவது. இத்தகைய பொருள் புற்றுநோய் தருமா என்பதை ஆராய்வோர் மூன்று வகைச் சான்றுகளைத் தேடுகின்றனர்.

முதலாவது, மனிதர்களிடம் கிடைக்கும் சான்று. அமெரிக்காவில் இவ்வாயுவைக் கொண்டு கிருமி நீக்கும் ஆலைகளில் வேலை செய்த 18,000-க்கும் மேற்பட்டோரின் இறப்பு விவரங்கள் பல ஆண்டுகள் ஆராயப்பட்டன. மொத்தத்தில் புற்றுநோய் மிகுந்து காணப்படவில்லை. ஆயினும் இவ்வாயுவை மிகுதியாகச் சுவாசித்தவர்களிடம் சில வகைப் புற்றுநோய்கள் கூடுதலாக இருந்தன. இரண்டாவது, விலங்குச் சோதனை. இவ்வாயுவைச் சுவாசித்த எலிகளுக்குக் கட்டிகள் தோன்றின. மூன்றாவது, உடலினுள் அப்பொருள் புரியும் செயல். இவ்வாயு உயிரணுவின் மரபுப் பொருளையே தாக்குவதும், அதனுடன் வேலை செய்வோரின் இரத்தத்தில் அதன் அடையாளங்கள் தென்படுவதும் உறுதியாயின.

உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 1994-ஆம் ஆண்டில் இம்மூன்றையும் சேர்த்து எடைபோட்டது. மனிதச் சான்று மட்டும் போதுமானதாக இல்லாவிடினும், ஏனைய இரண்டும் வலுவாக இருந்தமையால், எத்திலீன் ஆக்சைடை ‘மனிதருக்குப் புற்றுநோய் தருவது’ என்னும் முதற் பிரிவில் சேர்த்தது.

நஞ்சு வேறு, கடி வேறு

முதற் பிரிவில் புகையிலை, ஆஸ்பெஸ்டாஸ், மது ஆகியன உள்ளன. நம்மவர் நாளும் மெல்லும் வெற்றிலை பாக்கும், புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், அப்பிரிவிலேயே உள்ளது. ஆனால் ஒரே பிரிவில் இருப்பதால் எல்லாம் சம ஆபத்துடையன ஆகா. ‘தர வல்லதா?’ என்பதற்கே அப்பட்டியல் விடை கூறுகிறது. ‘எவ்வளவு பட்டால், எத்துணைப் பேருக்கு?’ என்பதை ஒவ்வோர் அரசாங்கமும் தனியே கணக்கிடுகிறது.

நாகம் நஞ்சுடையது என்பது ஒன்று. அது நம்மைக் கடிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது மற்றொன்று. புதரில் வெறுங்காலுடன் நடப்பவனுக்கும் காலணி அணிந்தவனுக்கும் அவ்வாய்ப்பு ஒன்றன்று.

மரபுப் பொருளைத் தாக்கும் இரசாயனத்துக்கு, இவ்வளவு வரை தீங்கே இல்லை என எல்லை வகுத்தல் அரிது. ஆகவே அதனை இயன்றவரை குறைப்பதே நெறி. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்கா, பணியிடக் காற்றில் இவ்வாயுவுக்குரிய உச்ச வரம்பைப் பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 1 பங்காகக் குறைத்தது. மசாலை திரும்பப் பெறப்பட்டதும் இந்நெறிப்படியே.

ரப்பர் தொழில் கற்பித்த பாடம்

பிரிட்டனின் ரப்பர் பொருள் ஆலைகளில், பீட்டா-நாஃப்தைலமீன் கலந்த சேர்மானங்கள் ஒருகாலத்தில் பயன்பட்டன. 1938-ஆம் ஆண்டிலேயே அது நாய்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெரிந்தது. எனினும் 1949-ஆம் ஆண்டில்தான் அச்சேர்மானங்கள் கைவிடப்பட்டன. அதற்குள் பலர் அதற்கு ஆளாயினர். நோயோ பல்லாண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. மனிதர் நோயுறும்வரை காத்திராது விலங்குச் சான்றையும் மதிக்க வேண்டும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. ரப்பர் பொருள் உற்பத்தித் தொழில் முதற் பிரிவில் உள்ளது. அது டயர் முதலியன செய்யும் ஆலைகளைப் பற்றியது. மரம் சீவிப் பாலெடுப்பதைப் பற்றியதன்று.

களைக்கொல்லியும் கருத்து வேற்றுமையும்

தோட்டங்களில் பயன்படும் கிளைபோசேட்டை, 2015-ஆம் ஆண்டு மார்ச்சில் மேற்கூறிய நிலையம் ‘புற்றுநோய் தரக்கூடும்’ என்னும் 2ஏ பிரிவில் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அது புற்றுநோய் தரும் வாய்ப்பு இல்லை எனக் கருத்துரைத்தது. ஆராய்ந்த சான்றுகளும், எழுப்பிய வினாவும் முற்றும் ஒன்றாக இல்லாமையே இவ்வேற்றுமைக்கு முக்கியக் காரணம். இலங்கை, சிறுநீரக நோய் பற்றிய ஐயத்தால் 2015-இல் அதனைத் தடை செய்து, 2018-இல் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு மட்டும் தளர்த்தியது.

நாம் செய்ய வேண்டியவை

கையைச் சுடுவதெல்லாம் புற்றுநோய் தருவதன்று. பாலை உறையச் செய்யும் ஃபார்மிக் அமிலம் தோலை எரிக்கும், ஆனால் அது புற்றுநோய்ப் பட்டியலில் இல்லை. எரியாதது தீங்கற்றது என்பதும் தவறு. ஆதலின் உடலின் உணர்ச்சியை நம்பாது கலனின் சீட்டைப் படித்தல் வேண்டும். சிவப்புச் சாய்சதுரத்துள் மனித மார்பில் நட்சத்திரம் வெடித்தாற்போன்ற சின்னம் இருப்பின், புற்றுநோய் போன்ற நெடுநாட் கேடு விளையலாம் என்பது பொருள்.

மலேசியாவில் 2000-ஆம் ஆண்டின் விதிமுறைகள், சுகாதாரத்துக்குக் கேடான இரசாயனங்களால் தொழிலாளருக்கு வரக்கூடிய ஆபத்தை மதிப்பிடும் கடமையை முதலாளிமீது சுமத்துகின்றன. அம்மதிப்பீடு குறித்துக் கேட்டறிவது தொழிலாளியின் உரிமை. கையுறையும் காலணியும் அணிந்து, காற்றுக்கு எதிர்முகமாக மருந்து அடியாது, உண்ணுமுன் கைகழுவி, மருந்துக் கலனில் ஒருபோதும் குடிநீர் பிடியாதிருத்தல் அவர்தம் கடமை. நாகத்தின் நஞ்சை நம்மால் மாற்ற இயலாது. காலணி அணிவது நம் கையில் உள்ளது.